‘புட்பால்’ என்னும் பெயருக்கு உரிய விளையாட்டு எது?

ஒரு பொருளுக்குப் பல பெயர் வழங்குதலும், பல பொருளுக்கு ஒரு பெயர் வழங்குதலும் மொழிகளுக்கெல்லாம் பொதுவாகிய இயல்பு. முன்னதனால் எவருக்கும் இடர்ப்பாடு நேர்வதில்லை. பின்னதோ சிற்சில வேளைகளில் பெருவழக்குகளுக்குக் காரணமாய் முடிகின்றது. ஆங்கிலத்திலுள்ள ‘புட்பால்’ என்னும் சொல் அத்தகையது. லண்டன் நகரத்தான் ஒருவன் அச்சொல்லைக் கூறுங்கால், பக்கத்துக்குப் பதினொருவராக நின்று, இலக்குக் காவலன் ஒழிந்த ஏனையோர் கைபடாது உருண்டைப் பந்தை உதைத்தாடும் ஆட்டத்தையே கருதுகின்றான். சிக்காகோ நகரத்தான் அதே சொல்லால், தலைக்கவசமும் தோட்கவசமும் பூண்டவர்கள் இருமுனையுங் கூர்ந்த நீண்ட பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டத்தைக் கருதுகின்றான். மெல்போர்ன் நகரத்தானுக்கோ பக்கத்துக்குப் பதினெண்மர் நீள்வட்டவடிவான பெருவெளியில் ஆடுவதொன்றே புட்பால். அயர்லாந்தின் நாட்டுப்புறத்தானுக்கு அது வேறொன்று. ரக்பி ஆட்டத்தை ஆளுஞ் சங்கமும் தன் பெயரில் அச்சொல்லை விடாது வைத்துக்கொண்டிருக்கின்றது.

கலாசாலை விடுதிகளில் இரவு உணவுக்குப் பின் எழும் வாதங்களில் இஃதும் ஒன்று. அவ்வாதம் பெரும்பாலும் ஒரே முறையில் முடிவதை யாம் கண்டிருக்கின்றோம். “காலால் ஆடுவது எதுவோ அதுவே கால்பந்து, கையால் ஆடுவோர் அப்பெயரைக் களவாடினர்” என்று ஒருவர் சொல்ல, ஏனையோர் கைகொட்டுவர். கேட்பதற்கு இனிய தீர்ப்புத்தான். ஆனால் களவு என்பது பெருங்குற்றச்சாட்டு. உடைமை முதலில் யாரிடத்து இருந்தது, யார் எப்பொழுது எடுத்தனர் என்பவற்றை விசாரியாது ஒருவரைக் கள்வர் என்றல் முறையன்று. அவ்விசாரணையை இங்கே மேற்கொள்ளுகின்றோம்.

முதற்கண் சொல்லின் பிறப்பை நோக்குவோம். 1314ஆம் ஆண்டில், அரசன் இரண்டாம் எட்வர்டின் பொருட்டு லண்டன் நகரத் தலைவர், பெரிய பந்துகளின் பின்னே கூட்டங்கூடி முட்டிமோதிக் கூச்சலிடும் ஆட்டத்தை நகரத்தினுள்ளே ஆடலாகாது என்று தடை விதித்தார். 1424ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து அரசன் முதலாம் ஜேம்ஸ் புட்பாலைப் பெயர் சொல்லியே விலக்கி, மீறியவர்க்கு நான்கு பென்ஸ் அபராதம் விதித்தான். தடைமேல் தடை பிறந்ததிலிருந்தே, ஆடினவர்கள் எத்துணை ஊக்கத்தோடு ஆடினர் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இவ்விளையாட்டின் பழஞ்சரித்திரத்தில் பெரும்பகுதி, அதனை வெறுத்தவர்களாலேயே நமக்கு எழுதி வைக்கப்பட்டிருக்கின்றது.

அப்பழைய ஆட்டம் காலால் மட்டும் ஆடப்பட்டதா? இல்லை. டார்பிஷயரிலுள்ள ஆஷ்போர்ன் என்னும் ஊரில் தவக்காலத்திற்கு முந்திய செவ்வாயன்றும், அடுத்த சாம்பற்புதனன்றும் பழையமுறையாட்டம் இன்றும் நடைபெறுகின்றது. ஊரே இரண்டு கட்சியாகப் பிரிகின்றது. ஹென்மோர் என்னும் சிற்றாற்றின் இருமருங்கிலும் பிறந்தவர்கள் இரு கட்சியினர். இலக்குகள் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய மூன்று மைல் தூரம். பந்தைச் சுமக்கலாம், உதைக்கலாம், அணைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கலாம். நூற்றுக்கணக்கானோர் நெருங்கி நிற்ப, பந்து இருக்கும் இடமே காண்பதற்கரிதாய் விடும். இதற்கும் பெயர் புட்பால்தான்!

இதுகொண்டு சிலர், ‘புட்பால்’ என்பது காலால் உதைக்கப்படும் பந்து என்னும் பொருளிற் பிறந்ததன்று. குதிரைமேலிருந்து ஆடும் செல்வர் விளையாட்டுக்கு மாறாக, நிலத்தில் காலூன்றி நின்று ஏழைமக்கள் ஆடிய பந்தாட்டம் என்னும் பொருளிற் பிறந்தது என்பர். கையால் ஆடும் ஆட்டங்களுக்கு இப்பெயர் பொருந்துவது எங்ஙனம் என்னும் வினாவுக்கு இஃது எளிய விடையாதலின், பலராலும் விரும்பப்படுகின்றது. எமக்கு இதில் நம்பிக்கை உண்டாகவில்லை. 1486இல் அச்சான செயின்ட் ஆல்பன்ஸ் நூல், புட்பால் என்பது காலுக்கென அமைந்த உருண்டைக் கருவி என்று விளக்கி, அதற்கு நேரான இலத்தீன் பெயரையுங் கொடுக்கின்றது. அந்நூற்றாண்டின் இறுதியில் ஆறாம் ஹென்றியின் அற்புதங்களைத் தொகுத்தவர் ஒருவரும், காண்டன் என்னும் ஊரில் நடந்த ஆட்டமொன்றைக் குறித்து, பந்தை மேலே எறியாது நிலத்தின்மீதே காலால் உருட்டியும் அடித்தும் ஆடினர் என எழுதுகின்றார். ஆதலின் சொல் தோன்றிய காலத்துக்கு அணித்தே, கால் என்பது உதைக்கும் காலாகவே கொள்ளப்பட்டது என்பது பெறப்படும். ஆனால் பெயரிற் கால் இருந்தமையால் கை விலக்கப்பட்டது என்பது பெறப்படாது. இவ்வேற்றுமையை மாணவ நேயர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். விடுதி வாதங்கள் யாவும் இவ்விடத்திலேதான் வழுக்கி விழுகின்றன.

அடுத்து, ஊர்வெளியிலிருந்து இவ்வாட்டம் இங்கிலாந்தின் பெரிய பள்ளிக்கூடங்களுக்குட் புகுந்தது. ஈட்டன், ஹாரோ, ரக்பி, வின்செஸ்டர், சார்ட்டர்ஹவுஸ், வெஸ்ட்மின்ஸ்டர் என்னும் பள்ளிகள் ஒவ்வொன்றும் தத்தம் நிலத்துக்கேற்ப விதிகளை வகுத்துக்கொண்டன. கல்தளத்தில் ஆடும் பிள்ளைகள் ஒருவரையொருவர் கீழே தள்ளினால் எலும்பு முறியும். ஆதலின் அங்கே பந்தைக் காலால் தட்டிச்செல்லும் திறம் வளர்ந்தது. பரந்த புல்வெளி வாய்த்த இடத்தில் பிடித்தலும் மோதுதலும் வளர்ந்தன.

ரக்பி பள்ளியில் 1823ஆம் ஆண்டு வில்லியம் வெப் எல்லிஸ் என்னும் மாணவன் விதியை மதியாது பந்தைக் கையிலெடுத்துக்கொண்டு ஓடினான் என்றும், அதனால் ரக்பி ஆட்டம் பிறந்தது என்றும் அப்பள்ளியில் கல்வெட்டொன்று கூறுகின்றது. கல்லில் வெட்டப்பட்டவை யாவும் மெய்யென்று கொள்ளும் நம்மவர் வழக்கத்துக்கு இக்கல்வெட்டு ஓர் எச்சரிக்கை. இக்கதை முதன்முதல் எழுத்தில் வந்தது 1876இல். எழுதியவர் மாத்யூ பிளாக்ஸம் என்பவர். அவர் அதனை நேரிற் கண்டவரல்லர். குருத்தொண்டில் வாழ்ந்த எல்லிஸோ அதற்கு நான்காண்டு முன்னரே, 1872இல், காலமாகிவிட்டார். மறுத்தற்கும் ஒப்புதற்கும் ஆளில்லை. அக்காலத்து ரக்பி மாணவர் அனைவருக்கும் பந்தைக் கையாற் பிடிக்கும் உரிமை இருந்தது என்பதே உறுதியானது. பிடித்துக்கொண்டு முன்னோக்கி ஓடுவதே விலக்கப்பட்டிருந்தது. அவ்விலக்கும் மெல்லமெல்லத் தளர்ந்து, 1840களில் முற்றும் நீங்கியது. 1845இல் அப்பள்ளி மாணவர்களே தம் விதிகளை எழுதி அச்சிட்டனர்.

இனி 1863ஆம் ஆண்டுக்கு வருவோம். வழக்கின் உயிர்நிலை இங்கேயே இருக்கின்றது.

அவ்வாண்டு அக்டோபர் 26ஆம் நாள் லண்டனில் பிரீமேசன்ஸ் டாவர்ன் என்னும் விடுதியில் லண்டன் சுற்றுப்புறத்துச் சங்கங்கள் சிலவற்றின் பிரதிநிதிகள் கூடினர். எபினீஸர் காப் மார்லி என்னும் வழக்கறிஞர் செயலாளராகவும், ஆர்தர் பெம்பர் என்பவர் தலைவராகவும் அமைந்தனர். ஒரு பள்ளியிற் படித்தவன் மற்றொரு பள்ளியிற் படித்தவனோடு ஆடுதற்குப் பொதுவிதி வேண்டும் என்பதே அவர்தம் கருத்து. ‘புட்பால் அஸோஸியேஷன்’ என்று தம் கூட்டத்திற்குப் பெயரிட்டனர். இவர்கள் முதலில் எழுதிய வரைவில் என்ன இருந்தது? பந்தைச் சரிவரப் பிடித்தவன் அதனை ஏந்திக்கொண்டு எதிரியின் இலக்கை நோக்கி ஓடலாம் என்றிருந்தது! அவ்வாறு ஓடுபவனை எதிரிகள் முழங்காலுக்குக் கீழே உதைத்து வீழ்த்தலாம் என்றும் இருந்தது. இன்று கையை விலக்கிய ஆட்டத்தின் தாய்ச்சங்கம், பிறந்த ஐந்தாறு வாரங்கள்வரை கையை ஏற்கும் நிலையிலேயே இருந்தது.

அப்பொழுது கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையாரின் புதிய விதிகள் வெளிவந்தன. அவை சுமந்தோடுதலையும் கால்முறிய உதைத்தலையும் விலக்கியிருந்தன. டிசம்பர் முதல் நாள் நடந்த கூட்டத்தில், மேற்சொன்ன இரு விதிகளையும் எடுத்துவிடுவது என்று 13 வாக்குக்கு 4 வாக்காக முடிவாயிற்று. பிளாக்ஹீத் சங்கத்தவரான காம்பெல் என்பவர் சினந்தெழுந்தார். பந்தைச் சுமக்கும் உரிமை போனதைக் காட்டிலும், எதிரியின் முழங்காலடியை உதைக்கும் உரிமை போனதே அவரை வருத்திற்று. அதனை ஒழித்தால் ஆட்டத்தில் வீரம் என்பதே இராது. ஒரு வாரம் பயின்ற பிரெஞ்சுக்காரரைக் கொணர்ந்து உங்கள் அனைவரையும் தோற்கடிப்பேன் என்று அவர் கூறினார். பிளாக்ஹீத் சங்கம் விலகிற்று. ஆகவே, காலைப் பயன்படுத்தும் உரிமை மிகுதியும் வேண்டும் என்று பிரிந்துபோனவர்கள், பின்னாளில் கையாட்டக்காரர் ஆயினர். சரித்திரத்தின் வேடிக்கைகளில் இதனையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்க.

டிசம்பர் 8ஆம் நாள் ஏற்கப்பட்ட பதின்மூன்று விதிகளை இன்று படிப்பவர் வியப்புறுவர். பந்தைக் கையாற் பிடித்து, குதிகாலால் நிலத்திற் கோடிட்டால், தடையற்ற உதை ஒன்று கிடைக்கும். எதிரியின் இலக்குக்கோட்டைக் கடந்த பந்தை முதலிற் கையால் தொட்டவனுடைய கட்சிக்கு, பதினைந்து கெஜத் தொலைவிலிருந்து இலக்கை நோக்கி ஓர் உதை கிடைக்கும். பந்துக்கு முன்னே நிற்பவன் ஆட்டத்திற்குப் புறம்பானவன். இலக்குக் காவலன் என்று ஒருவன் விதிகளில் இல்லை. அவன் 1871இல்தான் அவற்றிற் புகுந்தான். இவையெல்லாம் ரக்பியின் வாசனை வீசும் விதிகள். ‘புட்பால்’ என்னும் பெயரைச் சங்கப்பெயராக ஏற்ற நாளில் அவ்வாட்டம் கையை முற்றும் துறந்த ஆட்டமாக இல்லை. துறவு பின்னர் வந்தது. பெயர் முன்னரே இருந்தது.

மற்றொரு கட்சியினர் 1871ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் லண்டன் பால்மால் உணவுச்சாலையில் கூடினர். இருபத்தொரு சங்கங்கள் சேர்ந்து ‘ரக்பி புட்பால் யூனியன்’ என்பதை நிறுவின. இவர்களுடைய பெயரில் புட்பால் என்னும் சொல் எதற்கு என்று கேட்பவர், அவர்தம் பழைய வெற்றிக்கணக்கை நோக்குதல் நலம். இன்று ரக்பியில் எதிரியின் கோட்டுக்கப்பால் பந்தை நிலத்தில் வைப்பதை ‘ட்ரை’ என்பர். அதற்கு ஐந்து புள்ளி. அச்சொல்லுக்கு ‘முயற்சி’ என்பது பொருள். எதற்கு முயற்சி? பந்தை வைத்ததனால் ஒன்றுமே கிடைப்பதில்லை. இலக்கை நோக்கி உதைக்க முயலும் உரிமை மாத்திரம் கிடைத்தது. உதை கம்பத்துக்கு மேலே சென்றால் ‘கோல்’. செல்லாவிடில் அதுவரை பட்ட பாடு முழுதும் வீண். 1871 மார்ச் 27ஆம் நாள் எடின்பரோவில் நடந்த இங்கிலாந்து-ஸ்காட்லாந்து முதற்போட்டியில் ஸ்காட்லாந்து ஒரு கோலால் வென்றது. இங்கிலாந்தார் பெற்ற ‘ட்ரை’ உதையாக மாறாமையால் பயனின்றிப் போயிற்று. கையால் எவ்வளவு தூரம் சுமந்தாலும் கணக்கை முடித்துவைத்தது கால். இதற்குப் புட்பால் என்று பெயரிட்டவர்களைக் கள்வர் என்று எங்ஙனம் கூறுவது?

அமெரிக்கர் கதையும் இத்தன்மையதே. 1869 நவம்பர் 6ஆம் நாள் நியூபிரன்ஸ்விக் நகரில் ரட்கர்ஸ் கலாசாலையும் பிரின்ஸ்டன் கலாசாலையும் பக்கத்துக்கு இருபத்தைவராக ஆடின. பந்து உருண்டை, சுமந்தோடல் கூடாது. ஆறுக்கு நான்காக ரட்கர்ஸ் வென்றது. அமெரிக்கர் தம் கலாசாலைப் புட்பாலின் பிறந்தநாளாக எண்ணும் அந்நாளில் ஆடப்பட்டது, இன்று அவர்கள் சாக்கர் என்று தள்ளிவைக்கும் ஆட்டத்திற்கே நெருங்கியது. 1874இல் கானடாவிலிருந்து மக்கில் சர்வகலாசாலை மாணவர் ஹார்வர்டுக்கு வந்து ரக்பிமுறையைக் காட்டினர். ஹார்வர்டாருக்கு அது பிடித்துவிட்டது. 1876இல் ஏனைய கலாசாலைகளும் அதனைத் தழுவின. பின்பு யேல் கலாசாலையைச் சேர்ந்த வால்ட்டர் காம்ப் என்பவருடைய யோசனையால் 1880இல் பக்கத்துக்குப் பதினொருவர் என்பதும், பந்தை ஒரு கட்சியே வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கும் முறையும் வந்தன. 1882இல், மூன்று முயற்சிகளுள் ஐந்து கெஜம் முன்னேறாதவர் பந்தை இழப்பர் என்ற விதி பிறந்தது. அதனை அளப்பதற்காக மைதானத்தில் இழுத்த குறுக்குக்கோடுகளே இன்றும் அவ்வாட்டத்தின் அடையாளம்.

1883இல் அமெரிக்கர் வகுத்த புள்ளிக்கணக்கில், ஆட்டத்தினூடே உதைத்துப் பெறும் கோலுக்கு ஐந்து. பந்தை எதிரியின் கோட்டுக்கப்பால் சேர்ப்பதற்கு இரண்டே. அதன்பின் உதைக்கும் உதை சென்றால் நான்கு. காலே அரசு செலுத்திற்று. இன்றோ சேர்ப்பதற்கு ஆறு, உதைத்த கோலுக்கு மூன்று. 1905இல் ஆட்டத்தில் மாணவர் பலர் உயிரிழந்தமையால் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் தலையிட நேர்ந்தது; மறு ஆண்டில் பந்தை முன்னோக்கி எறியும் உரிமை விதிகளில் ஏறிற்று. அதனோடு கை அரசுகட்டில் ஏறியது. கால் படிப்படியாய் இறங்கியது. பெயர் மட்டும் இறங்கவில்லை. பந்தின் நீளம் ஓரடியாதலால் அப்பெயர் வந்தது என்று சிலர் சொல்லும் சமாதானத்தை நம்பவேண்டா. அப்பந்து ஏறக்குறைய பதினோரங்குலமே; பெயரோ அந்நீண்ட பந்து தோன்றுதற்குப் பல நூற்றாண்டு முன்னது.

ஆஸ்திரேலியர் உரிமையைச் சுருங்கக் கூறுவோம். ரக்பி பள்ளியிற் பயின்ற டாம் வில்ஸ் என்னும் கிரிக்கெட் வீரர், குளிர்காலத்தில் உடலுரம் குன்றாதிருக்கப் புட்பால் சங்கம் ஒன்று வேண்டும் என்று 1858 ஜூலையில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். 1859 மே 17ஆம் நாள் மெல்போர்ன் சங்கத்தார் தம் விதிகளை எழுதினர். அதாவது லண்டன் சங்கம் பிறப்பதற்கு நான்காண்டு முன்னர்! முந்தி எழுதினவர்க்கே பெயர் என்றால், மெல்போர்னார் லண்டனாரை வழக்குமன்றத்துக்கு இழுக்கலாம்.

அயர்லாந்தில் இப்பெயர்ச்சண்டை நாட்டுப்பற்றோடு பின்னிக்கொண்டது. 1884 நவம்பர் முதல் நாள் தர்ல்ஸ் என்னும் ஊரில் மைக்கேல் கியூஸக் முதலியோர் நிறுவிய கேலிக் விளையாட்டுச் சங்கம், ஐரிஷ் மக்களின் சொந்த ஆட்டங்களைப் பேணுவதைத் தன் கடனாகக் கொண்டது. பந்தைக் கையில் எடுத்தும், காலால் தட்டிக் கைக்கு மீட்டும், குத்தியும் உதைத்தும் ஆடும் கேலிக் புட்பால் அவற்றுள் ஒன்று. ஆங்கிலேயர் ஆட்டங்களை ஆடுபவரும் காண்பவரும் சங்கத்தினின்று நீக்கப்படுவர் என்ற விதியும் நெடுங்காலம் இருந்தது. 1938இல் அயர்லாந்தின் ஜனாதிபதி டக்ளஸ் ஹைட், தம் பதவிக்குரிய மரியாதையை முன்னிட்டு அயர்லாந்து-போலந்து சாக்கர் போட்டியைக் காணச் சென்றார். ஐரிஷ் மொழிக்கு உயிர்கொடுத்த பெருமக்களுள் அவர் ஒருவர். எனினும் சங்கம் அவரைத் தன் காப்பாளர் நிலையிலிருந்து நீக்கிவிட்டது. பந்தாட்டம் ஒன்றைக் கண்டமைக்கு நாட்டுத்தலைவர் பெற்ற தண்டனை அது. அவ்விதி 1971இல் ஒழிந்தது. அச்சங்கத்தின் குரோக் பார்க் மைதானத்தில் ரக்பியும் சாக்கரும் ஆடப்பெற்றது 2007இல். பெயர் என்பது வெறும் ஒலிதானே என்பார், டக்ளஸ் ஹைடை நினைத்துக்கொள்வாராக.

‘சாக்கர்’ என்னும் சொல்லையும் இங்கு ஆராய்தல் தகும். அஃது அமெரிக்கரின் கொச்சை என்றும், அதனைச் சொல்லுவது ஆட்டத்துக்கு இழுக்கென்றும் பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. ‘அஸோஸியேஷன்’ என்பதன் நடுவெழுத்துக்களைப் பறித்து, ஈற்றில் ‘அர்’ என்னும் விகுதி சேர்த்து, இங்கிலாந்தின் மாணவர்களே விளையாட்டாய்ச் செய்த சொல் அது. ரக்பியை ‘ரக்கர்’ என்றதும் அவ்வாறே. இலங்கையில் இன்றும் ரக்கர் என்னும் சொல் வழங்குகின்றது. அமெரிக்காவில் இவ்வாட்டத்தை ஆண்ட சங்கம் 1913இல் பிறந்தபொழுது ‘ஐக்கிய நாடுகள் புட்பால் அஸோஸியேஷன்’ என்றே பெயர்பெற்றது. 1945இல் ‘சாக்கர்’ பெயரினுள் நுழைந்தது; 1974இல் ‘புட்பால்’ வெளியேறியது. ஆஸ்திரேலியாவிலோ எதிர்முகமாக, 2005இல் சாக்கர் சங்கம் அச்சொல்லை எறிந்துவிட்டுப் புட்பால் என்று பெயர் மாற்றிக்கொண்டது. உலகச் சங்கம் 1904 மே 21ஆம் நாள் பாரிஸில் நிறுவப்பட்டது. அதன் பெயரின் நான்கு சொற்களுள் இறுதிச்சொல் ‘அஸோஸியேஷன்’ என்பது. வேறு புட்பாலும் உண்டு, எமது அஸோஸியேஷன் புட்பால் என்று அச்சங்கமே தன் பெயரில் ஒப்புக்கொண்டிருக்கின்றது. இதனைவிடச் சிறந்த சாட்சியம் வேண்டுமா?

வேண்டுமாயின், நம் நாட்டிலேயே ஒன்று உண்டு. 1873இல் கல்கத்தாவில் ஆங்கிலேயர் ‘கல்கத்தா புட்பால் கிளப்’ என ஒரு சங்கங் கண்டனர். அவர்கள் ஆடியது ரக்பி. வங்காளத்து வெயிலுக்கும் இறுகிய தரைக்கும் ஆற்றாமல் சில ஆண்டுகளில் சங்கம் தளர்ந்தது. 1878இல் சங்கத்தைக் கலைக்கும்பொழுது, வங்கியில் எஞ்சிய பணத்தை வெள்ளி ரூபாயாகவே பெற்று உருக்கி, கோப்பை ஒன்று செய்து, இங்கிலாந்தின் ரக்பிச் சங்கத்துக்கு அனுப்பினர். மூடியின்மேல் யானையும், கைப்பிடிகளாக மூன்று நாகங்களும் அமைந்த அக்கோப்பைக்காக இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் ஆடிவருகின்றன. கல்கத்தாவில் அச்சொல் ரக்பியைக் குறித்த காலம் ஒன்று இருந்தது என்பதற்கு அந்நாகங்கள் சான்று.

பின்பு அந்நகரில் சொல் வேறு பக்கம் சாய்ந்தது. 1888இல் சிம்லாவில் தொடங்கிய டியூரண்ட் கோப்பை முதலான பந்தயங்கள் அஸோஸியேஷன் முறையைப் பரப்பின. 1911 ஜூலை 29ஆம் நாள் மோகன்பகான் சங்கத்தார் ஈஸ்ட் யார்க்ஷயர் படையினரை இரண்டுக்கு ஒன்றாக வென்று கேடயம் பெற்றனர். பதினொருவருள் பதின்மர் வெறுங்காலினர். காலணி பூண்டவர் சுதிர் சட்டர்ஜி ஒருவரே. காலுக்குரிய ஆட்டம் என்னும் பெயரை இவர்களினும் முற்றப் பொருளாக்கினவர் எவர்? மிஷன் பள்ளிகளும் இதிற் பங்குகொண்டன. ஸ்ரீநகரில் டிண்டேல்-பிஸ்கோ என்னும் பாதிரியார் 1891இல் தோற்பந்து ஒன்றைக் கொணர்ந்தபொழுது, அந்தண மாணவர்கள் அது தோலாதலின் காலாலும் தீண்டோம் என்று மறுத்தனர். அவர் விடவில்லை, ஆசிரியர்கள் சூழ்ந்து நிற்ப, மாணவரை வற்புறுத்தி ஆடுவித்தார். ஆட்டத்தினிடையே பந்து ஒருவன் முகத்தில் மோத, யாவரும் திகைத்துநின்றனர். அவனை வாய்க்காலில் கழுவி அழைத்துவரச் செய்து ஆட்டத்தைத் தொடர்ந்தார் என்று அவரே எழுதியிருக்கின்றார். கையோ காலோ என்னும் வழக்கு அம்மாணவர்க்கு இல்லை; தோலே அவர்தம் வழக்கு. வற்புறுத்திய முறை நன்றோ தீதோ என்பதில் எமக்கு ஐயம் உண்டெனினும், சாதியாசாரத்தின் ஒரு கணு அன்று அம்மைதானத்தில் நெகிழ்ந்தது.

ஆகவே எமது தீர்ப்பு இது. ஆங்கிலத்தில் ‘புட்பால்’ என்பது ஒரு குடும்பப்பெயர். அஸோஸியேஷன், ரக்பி, அமெரிக்க, ஆஸ்திரேலிய, கேலிக் ஆட்டங்கள் யாவும் ஒரு பாட்டனாருக்குப் பிறந்த பேரர். ஒரு பேரன் பெருஞ்செல்வனாகி உலகெங்கும் வீடு கட்டிக்கொண்டமையால், ஏனையோர் பாட்டனார் பெயரை இடக்கூடாது என்று தடுக்கும் உரிமை அவனுக்கில்லை. அடைமொழியின்றிச் சொல்லும்பொழுது அதிகம் பேர் அறிந்ததைக் குறிப்பது வழக்கே. அவ்வழக்கு ஊருக்கு ஊர் மாறுவதும் இயல்பே.

ஆயின் இத்தீர்ப்பு தமிழ்ச்சொல்லுக்குச் செல்லாது என்பதையும் அழுத்திச் சொல்லுகின்றோம். தமிழ்நாட்டார் ‘கால்பந்து’ என்றும், ஈழத்தார் ‘உதைபந்தாட்டம்’ என்றும் வழங்கும் சொற்கள் ஆஷ்போர்ன் தெருவிற் பிறந்தவையல்ல. அஸோஸியேஷன் ஆட்டத்தைக் கண்டு, அதன் செயல் நோக்கி, அதற்கென்றே இடப்பட்டவை. அவற்றுக்குப் பாட்டனும் இல்லை, பங்காளியும் இல்லை. இத்தாலியர் ‘உதை’ என்னும் பொருள்படும் ‘கால்ச்சோ’ என்னுஞ் சொல்லை இவ்வாட்டத்துக்கு வைத்தாற்போலவும், அராபியரும் சீனரும் தத்தம் மொழியில் காற்பந்து என்று பொருள்பட மொழிபெயர்த்துக்கொண்டாற்போலவும், நமக்கும் இச்சொற்கள் ஒரே பொருளுடையவை. ஆங்கிலேயனுடைய குடும்பவழக்கைத் தமிழ்ச்சொல்லின்மேல் ஏற்றி, கையிலேந்தி ஓடும் ஆட்டத்தை ‘அமெரிக்கக் கால்பந்து’ என்று செய்தித்தாள்கள் எழுதுவது சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் சோம்பலால் விளைவது.

செயலுக்கும் பெயருக்கும் பொருத்தம் முற்றும் வேண்டுமாயின் ‘கைப்பந்து’ என்பதற்கு என்ன சொல்வீர் என்று ஒருவர் மடக்கலாம். நம்மவர் அப்பெயரால் வாலிபாலைக் குறிக்கின்றனர். அவ்வாட்டத்திலோ 1990களில் வந்த மாற்றத்தால் பந்தைக் காலாலும் எடுக்கலாம். உண்மையே. கைப்பந்தாட்டக்காரன் தவறிவிழும் பந்தை நூற்றிலொருமுறை காலால் தூக்குகின்றான். அதனால் பெயர் பொய்யாவதில்லை. அமெரிக்க ஆட்டத்தில் நிலை நேர்மாறு: பெரும்பாலான வேளையும் பந்து கையிலேயே இருக்க, கால் எப்பொழுதோ ஒருமுறை அழைக்கப்படுகின்றது. அதற்குக் கால்பந்து என்னும் பெயரைத் தமிழில் நாமாக வலிந்து சூட்டவேண்டியதில்லை. ரக்பியை ரக்பி என்றே எழுதுகின்றோம். அதனால் அவ்வாட்டத்துக்கு ஒரு குறைவும் வந்ததில்லை. அவ்வாறே ‘அமெரிக்கப் புட்பால்’, ‘ஆஸ்திரேலியப் புட்பால்’, ‘கேலிக் புட்பால்’ என்று அவரவர் இட்ட பெயராலேயே எழுதலாம்.